செப்டெம்பரில் காலியாகும் பாத்தி: உள்ளியா, ஓட்ஸா, இலையா, கீரையா?

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுத் தோட்டம் செய்யும் நம் ஆட்களிடம் மே மாதத்தில் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது. கத்தரிக் கன்று எங்கே வாங்கினீர்கள், பாகல் முளைத்துவிட்டதா, வெண்டி விதையை ஊறப்போட்டுத்தான் நட்டீர்களா என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். செப்டெம்பர் கடைசியில் அதே ஆட்களைக் கேட்டால் "இனி என்ன, இந்த வருசம் முடிஞ்சுது" என்ற ஒரே பதில்தான் வரும். செடிகளைப் பிடுங்கிப் பழுப்புக் காகிதப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைத்துவிட்டு, பாத்தியை வெறும் மண்ணாக அடுத்த மே வரைக்கும் விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அடுத்த வருடத்துக் கத்தரியும் மிளகாயும் எப்படி வரும் என்பதில் பெரும் பங்கு இந்தச் செப்டெம்பர், ஒக்டோபரில் நாம் செய்யும் வேலைக்கு இருக்கிறது.

வெறும் மண்ணுக்கு என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு: ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் பக்கங்களில் பெரும்பாலும் களிமண். அதிலும் புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் வீடு கட்டும்போதே மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கனரக வண்டிகள் ஓடி இறுகிய அடிமண்ணின் மேல் கொஞ்சம் கறுப்பு மண்ணைப் பரப்பிப் புல்லை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த மண்ணின் மேல் ஒரு மூடலும் இல்லாமல் நவம்பர் மழை அடித்தால் மேற்பரப்பு மூடிக்கொண்டு ஓடு மாதிரி இறுகும், மார்ச்சில் பனி உருகும் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடும், கோடையில் நாம் போட்ட பசளையில் மிஞ்சிய நைத்திரசன் கரைந்து போய்விடும். "கொத்திக் கட்டியாகப் போட்டுவிட்டால் பனி மண்ணை உடைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான், உறைந்து உறைந்து இளகும்போது களிமண் கட்டி உதிரும். ஆனால் உதிர்ந்த அந்தத் தூளைப் பிடித்துவைக்க வேரோ மூடலோ இல்லை என்றால் ஏப்ரல் மழையில் அது திரும்பவும் சேறாகி இறுகிவிடும்.

சரி, மூடி வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தாயிற்று. எதை வைத்து மூடுவது? நம் தோட்ட அளவுக்குப் பொருந்தும் வழிகள் நான்கு. ஒக்டோபரில் உள்ளிப்பூண்டு நடலாம். ஓட்ஸ், ரை (rye) மாதிரித் தானியங்களை, மண்ணை மூடிவைக்க மட்டும் வளர்க்கும் மூடுபயிராக விதைக்கலாம். மேப்பிள் இலைகளால் மூடாக்குப் போடலாம். ஸ்பினாச் போன்ற குளிர் தாங்கும் கீரையை விதைத்து மேலே துணியால் கூடாரம் கட்டலாம். நான்கையும் பற்றி நல்லதாகவே கேள்விப்பட்டிருப்பீர்கள், எல்லாம் நல்லதுதான், ஆனால் ஒரே பாத்திக்கு நான்கும் சரிவராது. எது சிறந்தது என்று கேட்பதற்கு முன் ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு திகதிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தப் பாத்தி எப்போது காலியாகிறது. இன்னொன்று, அடுத்த வருடம் அந்தப் பாத்தி உங்களுக்கு எப்போது வேண்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டு திகதிகளையும் நமக்குத் தீர்மானிப்பது உறைபனி. ரொறன்ரோப் பகுதியில் முதல் உறைபனி பெரும்பாலான வருடங்களில் ஒக்டோபரில் வருகிறது, ஏரியை ஒட்டிய தெருக்களில் தாமதமாகவும் வடக்கே போகப் போக முன்னதாகவும். வசந்தத்தில் கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல் எல்லாவற்றையும் விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்குப் பிறகு, அதாவது மே கடைசியில்தான் வெளியே நடுகிறோம். அதனால் நம் வெயில் பயிர்கள் நிற்கும் பாத்தி காலியாவது ஒக்டோபரில், திரும்ப வேண்டியிருப்பது மே கடைசியில். வெள்ளரி, சுக்கினி, போஞ்சி நிற்கும் பாத்தியின் கதை வேறு. சாம்பல் நோய் விழுந்து இலையெல்லாம் வெள்ளையாகி, ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் முதல் வாரத்திலேயே அது முடிந்துவிடும். ஒரே முற்றத்தில் இரண்டு வகைப் பாத்தி இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பலருக்குச் சலிப்பு வருகிறது.

முதலில் உள்ளி. நான்கிலும் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் அடுப்படியில் ஒரு நாளாவது உள்ளி இல்லாமல் சமையல் நடப்பதில்லை. ஒன்ராறியோவில் விளைந்த உள்ளியைக் கடையில் தேடி வாங்கினால் இறக்குமதி உள்ளியைவிடப் பல மடங்கு விலை. வீட்டில் நட்டால் ஒக்டோபரில் ஒரு வேலை, மூடாக்குப் போட ஒரு வேலை, ஏப்ரலில் கொஞ்சம் பசளை, ஜூனில் பூத்தண்டு ஒடிப்பது, ஜூலையில் கிண்டுவது, அவ்வளவுதான். அணிலும் முயலும் பெரும்பாலும் தொடாது. பின்முற்றத்தில் முயலோடும் அணிலோடும் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நடும் முறை: தேங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதி, அதாவது ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டிய நாட்கள், இங்கே நல்ல கணக்கு. நிலம் உறைவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்னால் நட்டால் வேர் இறங்கிவிடும், இலை அதிகம் மேலே வராது. கொஞ்சம் பச்சை எட்டிப் பார்த்தாலும் பயப்பட வேண்டாம், அது பனியைத் தாங்கும். பல்லைத் தோலோடு, கூர் மேலே இருக்கும்படி 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில், பல்லுக்குப் பல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 20 செ.மீ. விட்டு நடுங்கள். நாலடிக்கு எட்டடிப் பாத்தியில் இந்தக் கணக்குக்கு ஏறத்தாழ 90 பல் போகும். பெரிய பல் நட்டால்தான் பெரிய பூண்டு வரும், அதனால் சின்னப் பற்களைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு பெரியவற்றை மண்ணுக்குக் கொடுங்கள். அடுப்படிக்கு இது நேர் எதிரான பழக்கம், ஆனாலும் வேறு வழியில்லை.

என்ன வகை? இந்தக் குளிருக்கு நடுவில் கெட்டித் தண்டு வரும் வகைதான் சரி. இங்கே அதிகம் நடப்படுவது மியூசிக் என்ற வகை, 1980களில் இத்தாலியிலிருந்து ஆல் மியூசிக் என்ற ஒன்ராறியோ விவசாயி கொண்டுவந்து பெருக்கியது, அவர் பெயரே வகைக்கும் நின்றுவிட்டது. ஒரு பூண்டில் நான்கு முதல் ஆறு பெரிய பல் இருக்கும், உரிக்கச் சுலபம், காரமும் உண்டு. முதல் வருடம் விதைப்பூண்டு வாங்கும் செலவு கொஞ்சம் உறைக்கும், 90 பல்லுக்கு 20 பூண்டாவது வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து விளைச்சலில் நல்லதைத் தெரிந்து விதைக்கு வைத்தால் போதும், பிறகு வாங்கவே தேவையில்லை. பலசரக்குக் கடையில் வாங்கும் இறக்குமதி உள்ளியை நடாதீர்கள். முளைக்காமல் இருக்க மருந்து பட்டிருக்கலாம், இந்தக் குளிருக்குப் பழகாத வகையாக இருக்கலாம், எல்லாவற்றையும்விட நூற்புழுவோ பூஞ்சை நோயோ அதனோடு மண்ணுக்குள் வந்துவிட்டால் பல வருடத்துக்கு அந்த இடத்தில் வெங்காயமும் வராது உள்ளியும் வராது.

குளிர் உள்ளிக்குத் தடை இல்லை, தேவை. குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்தால்தான் ஒற்றைப் பல் பல பல்லாகப் பிரியும். வசந்தத்தில் நட்டால் சின்ன வெங்காயம் மாதிரி பிரியாத ஒற்றைக் குண்டு கிடைக்க நிறைய வாய்ப்புண்டு. ஜூன் நடுவில் தண்டு சுருண்டு வளைந்து பூமொட்டோடு வரும், அதை ஒடித்துவிட்டால் சக்தி கீழே பூண்டுக்குப் போகும். ஒடித்த தண்டைச் சின்னதாக வெட்டித் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து பாருங்கள், அதற்காகவே உள்ளி நடலாம். ஜூலை நடுப்பகுதியிலோ கடைசியிலோ கீழ் இலைகள் மூன்று நான்கு காய்ந்ததும் கிண்டி எடுத்து, கழுவாமல், நிழலில் காற்றுப் படும் இடத்தில் மூன்று நான்கு வாரம் தொங்கவிட வேண்டும்.

இப்போது உள்ளியின் ஒரே பெரிய சங்கடத்துக்கு வருவோம். ஜூலை நடுப்பகுதி வரை அது பாத்தியை விடாது. நமக்குக் கத்தரியும் மிளகாயும் நட மே கடைசியில் இடம் வேண்டும். ஒரே ஒரு பாத்தி வைத்திருக்கிறவர் அதில் முழுக்க உள்ளியை நட்டுவிட்டால் அடுத்த கோடையில் கத்தரிக்கு இடமே இல்லை. ஜூலைக்குப் பிறகு அதில் தண்டுக்கீரை போடலாம், அது வெயிலில் முப்பது நாற்பது நாளில் வெட்டுக்கு வந்துவிடும், புதர் போஞ்சியும் காய்க்கும், ஆனால் மிளகாய்க்கும் பாகலுக்கும் நேரம் போய்விட்டது. இடம் குறைந்தவர்களுக்கு ஒரு சமாளிப்பு இருக்கிறது: பாத்தியின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு வரிசை உள்ளி, நடுவில் ஒரு பட்டை காலி. அந்த நடுப்பட்டையில் மே கடைசியில் கத்தரிக் கன்றுகளை வையுங்கள். கத்தரி அகலமாகப் படரும் காலமும் உள்ளியைக் கிண்டி எடுக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். கிண்டும்போது கத்தரி வேர் அறாமல் இருக்க நடுவில் ஓரடி இடைவெளியாவது வேண்டும்.

அடுத்து மூடுபயிர். இதை நம் ஆட்கள் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை, காரணமும் புரிகிறது, சாப்பிட முடியாத ஒன்றுக்கு எதற்கு விதை வாங்குவது என்ற எண்ணம். ஆனால் ஊரில் வயலுக்குச் சணல் விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனை புதிது இல்லை. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான். குளிரில் தானாகச் செத்துப்போகும் மூடுபயிரும் உண்டு, பனிக்கடியில் உயிரோடு இருந்து ஏப்ரலில் மறுபடி எழுந்து நிற்கும் மூடுபயிரும் உண்டு. வீட்டுப் பாத்திக்கு முதல் வகையைத்தான் நான் சொல்வேன்.

ஓட்ஸ் முதல் வகை. செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தால் கடும் குளிர் வருவதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும், டிசம்பர் குளிரில் கருகிச் சாய்ந்து பாய் விரித்த மாதிரி மண்ணை மூடிக் கிடக்கும், மே மாதத்தில் அந்தக் காய்ந்த பாயை விலக்கிக் கன்றை நட்டுவிடலாம். கொத்த வேண்டாம், வெட்ட வேண்டாம். கஞ்சிக்கு வாங்கும் தட்டையான ஓட்ஸ் முளைக்காது, முழுத் தானியமாக வேண்டும். விதைக் கடையில் கிடைக்கும், குதிரைத் தீவனமாக விற்கும் முழு ஓட்ஸும் முளைக்கும். நாலுக்கு எட்டுப் பாத்திக்கு ஒரு கப் போதும். அதோடு கொஞ்சம் பட்டாணி கலந்தால் வேர் முடிச்சுகளால் நைத்திரசனும் சேரும். இன்னொன்று, நம் அடுப்படியிலேயே இரண்டு மூடுபயிர் இருக்கிறது, கடுகும் வெந்தயமும். கடையில் வாங்கிய கடுகை ஒரு கைப்பிடி விசிறிவிட்டுப் பாருங்கள், நாலைந்து நாளில் முளைக்கும், மூன்று நான்கு வாரத்தில் இலையைப் பறித்துச் சுண்டலாம், மிச்சம் குளிரில் செத்து மண்ணோடு சேரும். வெந்தயமும் அப்படித்தான், அது பயறு வர்க்கம் என்பதால் மண்ணுக்கும் நல்லது. கோவாவோ (முட்டைக்கோஸ்) கேல் கீரையோ அடுத்து வரப்போகும் இடத்தில் மட்டும் கடுகைப் போட வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியும் நோயும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்.

ரை இரண்டாவது வகை. ஒக்டோபர் நடுப்பகுதி வரைகூட விதைக்கலாம், எந்தக் குளிருக்கும் சாகாது, அதன் வேர் களிமண்ணைப் பிடிக்கும் பிடி வேறு எதற்கும் கிடையாது. அதே பிடிதான் வசந்தத்தில் தொல்லை. ஏப்ரலில் பச்சையாகக் கிளம்பி வேகமாக உயரும், கதிர் வருவதற்கு முன் வெட்டி, வேரைக் கொத்தி, மண்ணோடு மடக்கி, அது மக்கத் தொடங்க இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதன் சாறு சின்ன விதைகள் முளைப்பதைத் தடுக்கும் என்பதால் உடனே கீரையோ கரட்டோ விதைக்க முடியாது. உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்கு இது அரை மணி நேர வேலை, மண்வெட்டியோடு நிற்கும் ஐம்பது அறுபது வயதுக்காரருக்கு இடுப்பு முறியும் வேலை. சரிவான நிலத்திலோ, புல்லைக் கிழித்துப் புதிதாகத் திறந்த மண்ணிலோ மட்டும் ரையை யோசியுங்கள். வாங்கும்போது புல்தரைக்கு விற்கும் ரைகிராஸை எடுத்துவிடாதீர்கள், அது வேறு செடி.

மூடுபயிரின் கஷ்டம் திகதியில் இருக்கிறது. ஓட்ஸுக்குச் செப்டெம்பர் நடு கடைசி எல்லை, ஆனால் அந்த நேரத்தில் மிளகாய்ச் செடியில் காய் தொங்குகிறது, யாருக்கும் பிடுங்க மனசு வராது, பிடுங்கவும் கூடாது. வேண்டுமானால் செடிகளுக்கிடையில் மண்ணை லேசாகக் கிளறி ஓட்ஸை விசிறிவிடலாம். கத்தரி இலை அடர்த்தியாக நிழல் விழுத்தும் இடத்தில் முளைப்பு மெலிவாகத்தான் இருக்கும். வெள்ளரி முடிந்த பாத்தியில் இந்தப் பிரச்சினையே இல்லை.

மூன்றாவது, இலை. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க இந்த நகரத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஐந்து ஆறு பை இலை, எல்லாம் மாநகராட்சி வண்டிக்குப் போகக் காத்திருக்கும். அடுத்த வருடத்தின் மண்ணைத் தெருவில் கொட்டி வைத்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். முழு மேப்பிள் இலையை அப்படியே போட்டால் மழையில் ஒன்றோடொன்று ஒட்டி அடையாகிவிடும், தண்ணீரும் காற்றும் போகாது, அதனால் புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு தடவை மேலே ஓட்டித் தூளாக்கிவிட்டு 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். நாலுக்கு எட்டுப் பாத்திக்குத் தூளாக்கிய இலை நான்கு பையாவது வேண்டும். நோர்வே மேப்பிள் இலைகளில் தார் தெளித்த மாதிரிக் கறுப்புப் புள்ளி இருக்கும், அது மேப்பிளுக்கு வரும் பூஞ்சை, நம் காய்கறிகளுக்கு ஒன்றும் செய்யாது. கறுப்பு வால்நட் மரத்து இலையை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள், அதிலுள்ள நச்சுப் பொருள் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வாட்டிவிடும். அடுத்த வீட்டுப் புல்தரையிலிருந்து வரும் இலையில் களைக்கொல்லி இருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்ராறியோவில் அழகுக்காகப் புல்தரைக்குப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிப்பதை 2009 ஏப்ரலில் இருந்தே தடை செய்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பயம் பெரிதாகத் தேவையில்லை.

இலையின் குறை என்றால், வசந்தத்தில் அதன் அடியில் மண் மெதுவாகத்தான் சூடாகும், நத்தைகளும் தங்கும். ஏப்ரல் கடைசியில் இலையை ஓரமாக வாரி ஒதுக்கி மண்ணுக்கு வெயில் காட்டுங்கள், கத்தரிக்குச் சூடான மண் வேண்டும், குளிர்ந்த மண்ணில் நட்ட கன்று ஒரு மாதம் அப்படியே நிற்கும். ஜூன் நடுவில் அதே இலையைச் செடியைச் சுற்றித் திரும்ப இழுத்துவிட்டால் கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். மக்காத இலையை மண்ணுக்குள் கொத்திப் புதைக்க வேண்டாம், அது மக்குவதற்கு மண்ணிலிருக்கும் நைத்திரசனை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலேயே கிடக்கட்டும், மண்புழு பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, குளிர்க் கீரை. நான்கில் இதற்குத்தான் கவனம் அதிகம் வேண்டும், எல்லாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் சரியாக அமைந்துவிட்டால் நவம்பரில் வீட்டுக் கீரை, திரும்ப ஏப்ரலில் வீட்டுக் கீரை. ஸ்பினாச் விதையைச் செப்டெம்பர் முதல் வாரத்தில், கனடியத் தொழிலாளர் தினத்தை ஒட்டி விதைக்க வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இங்கே நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு, அந்த மாதங்களில் என்ன கூடாரம் போட்டாலும் கீரை வளராது, உயிரோடு நிற்கும், அவ்வளவுதான். அதனால் நவம்பருக்குள் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். வளைத்த கம்பியோ பிளாஸ்டிக் குழாயோ ஊன்றி மேலே வெள்ளைத் தோட்டத்துணியைப் போர்த்தினால் இரண்டு மூன்று டிகிரிக் குளிரைத் தடுக்கும். பிளாஸ்டிக் போர்த்துகிறவர்கள் வெயில் நாளில் ஓரத்தைத் தூக்கிவிட மறக்கக்கூடாது, உள்ளே வெந்துவிடும். உறைபனி பட்ட ஸ்பினாச்சுக்கு ஒரு இனிப்பு வரும், குளிரைத் தாங்க அது இலையில் சர்க்கரையைச் சேர்ப்பதால் வருவது, பருப்போடு கடைந்தால் கோடைக் கீரைக்கு இல்லாத ருசி. கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் லேசான உறைபனி வரை தாங்கும், கேல் அதைவிடக் கூடத் தாங்கும், நம் தண்டுக்கீரையும் பொன்னாங்காணியும் முதல் உறைபனியோடு சரி.

உள்ளியைப் போல் இல்லாமல், ஸ்பினாச் மே கடைசிக்குள் பாத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். மார்ச் கடைசியில் மறுபடி துளிர்த்து, மே நடுவில் பூக்கத் தொடங்கும், அப்போது முழுக்க அறுத்துவிட்டுக் கத்தரியை நட்டுவிடலாம்.

இப்போது திகதிகளுக்குத் திரும்பி வாருங்கள், எல்லாம் ஒரு ஒழுங்கில் விழும். ஒக்டோபரில் உறைபனியோடு காலியாகும் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு ஓட்ஸும் ஸ்பினாச்சும் தாமதம், மிஞ்சுவது உள்ளியும் இலையும். அங்கே உள்ளியை நடுங்கள். கத்தரியை அதே இடத்தில் வருடா வருடம் வைக்கக் கூடாது என்பதால் எப்படியும் அது இடம் மாற வேண்டும். ஜூலையில் உள்ளி கிளம்பியதும் தண்டுக்கீரை ஒரு வெட்டு, செப்டெம்பர் தொடக்கத்தில் அந்த இடத்தில் ஓட்ஸும் பட்டாணியும் அல்லது ஸ்பினாச், அடுத்த மே கடைசியில் மறுபடி கத்தரி. இரண்டு பாத்தி இருக்கிறவர் இந்தச் சுற்றை மாற்றி மாற்றி ஓட்டினால் ஒவ்வொரு வருடமும் கத்தரியும் உண்டு, உள்ளியும் உண்டு, மண் ஒரு நாளும் வெறுமையாகக் கிடக்காது. மூன்று நான்கு பாத்தி இருந்தால் இன்னும் நல்லது, உள்ளி ஒரே இடத்துக்குத் திரும்பி வர மூன்று வருடமாவது விட்டால் நோய் சேராது.

வாடகை வீட்டில் ஒரே பாத்தியோடு இருப்பவருக்கு என் பதில் இலைதான், ஓரத்தில் இருபது பல் உள்ளி. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் வார இறுதி மட்டுமே கிடைக்கிறவருக்கு ஸ்பினாச் கூடாரத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அதை ஓய்வு பெற்ற அம்மா அப்பாக்கள் வீட்டில் இருக்கும் குடும்பம் செய்யட்டும், அவர்கள் தினமும் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள், அந்தக் கீரைக்குத் தேவையும் அதுதான். புது வீட்டில், கட்டியாக இறுகிய மண்ணோடு மல்லுக்கு நிற்பவர்கள் முதல் இரண்டு இலையுதிர்காலத்தையும் ஓட்ஸுக்கும் இலைக்கும் கொடுத்துவிடுங்கள். இறுகிய களிமண்ணில் உள்ளி சின்னதாகத்தான் வரும், கிண்டும்போது தண்டு அறுந்து பூண்டு உள்ளேயே நின்றுவிடும்.

எந்த வழியில் போனாலும் முன்வேலை ஒன்று. புள்ளி நோய் விழுந்த தக்காளிச் செடியையும் சாம்பல் பூத்த வெள்ளரிக் கொடியையும் பாத்தியில் விடாமல் பைக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள். போஞ்சி, பயித்தை இரண்டையும் வேரோடு பிடுங்க வேண்டாம், மண்மட்டத்தில் வெட்டினால் போதும், வேர் அங்கேயே மக்கட்டும். கறிவேப்பிலைச் சாடி வெளியே நிற்கிறது என்றால் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போவதற்கு முன், அதாவது செப்டெம்பர் நடுவிலிருந்தே உள்ளே எடுக்கப் பாருங்கள். எடுக்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, செதில் பூச்சி இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு எடுங்கள். மூடாக்கையும் ஓட்ஸையும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், கறிவேப்பிலையைத் தள்ளிப்போட முடியாது.

இதை வாசிக்கும்போதே ஒக்டோபர் கடைசி ஆகிவிட்டது என்றாலும் வழி இருக்கிறது. மண்ணில் மண்வெட்டி இறங்குகிற வரைக்கும், நவம்பர் முதல் வாரம் வரைகூட, உள்ளி நடலாம், பூண்டு கொஞ்சம் சிறுக்கும், ஆனால் வரும். விதைப்பூண்டு விற்பவர்களிடம் நல்ல சரக்கு செப்டெம்பருக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதால் அடுத்த வருடத்துக்கு ஆகஸ்டிலேயே சொல்லிவையுங்கள், இந்த வருடத்துக்கு உழவர் சந்தையில் உள்ளூர் உள்ளி கிடைத்தால், விற்பவரிடம் நோய் இல்லாத சரக்குத்தானா என்று கேட்டு வாங்கி நடுங்கள். ஹலோவீன் முடிந்த மறுநாள் வாசல் அலங்காரத்துக்கு வைத்த வைக்கோல் கட்டுகளைப் பலர் தூக்கி வீசுவார்கள், உள்ளிக்கு மேலே போட அதைவிட நல்லது கிடையாது, கேட்டு எடுத்து வாருங்கள். இலைப் பைகளையும் அப்படியே கேளுங்கள், வால்நட் மரம் இருக்கிறதா என்று மட்டும் மேலே நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு.